எல்லா டெஸ்ட்டும் நார்மலாம், ஆனா படி ஏற முடியல. 14 மாசமா இந்த அசதி, யாராச்சும் வழி சொல்லுங்க

மல்லிப்பூ37:

எல்லாருக்கும் வணக்கமுங்க. ரொம்ப நாளா இங்க படிக்க மட்டும்தான் செய்வேன், எழுதறது இதான் முதல் தடவ, செல்போன்ல டைப் பண்றேன், தப்பு இருந்தா கண்டுக்காதீங்க.

எனக்கு 37 வயசு. திருப்பூர் பக்கம், பனியன் கம்பெனியில செக்கிங்ல இருக்கேன், காலையில 8.30க்கு உள்ள போனா வெளிய வர ராத்திரி 8 ஆயிரும். பெரியவ பத்தாவது, சின்னவன் ஆறாவது. போன வருஷம் ஆடியில ஒரு காய்ச்சல் வந்துச்சு, அஞ்சு நாள் இருந்துச்சு, டெங்கு இல்லைன்னுட்டாங்க, சரியாப் போச்சு. அதுக்கப்பறம்தான் இந்த அசதி. காய்ச்சல்லதான் ஆரம்பிச்சுதா இல்ல முன்னாடியே இருந்து நாந்தான் கவனிக்கலையான்னு இப்ப யோசிச்சா அதுவும் குழப்பமா இருக்கு.

காலையில எந்திரிக்கும்போதே ராத்திரி பூரா யாரோ அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும். கம்பெனியில எங்க செக்‌ஷன் ரெண்டாவது மாடி, படி ஏறி முடிக்கறதுக்குள்ள நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், மேல போய் செவுத்தப் புடிச்சுட்டு ரெண்டு நிமிஷம் நிப்பேன், சூப்பர்வைசர் பாத்தா போன் பாக்கற மாதிரி நடிப்பேன். மத்தியானம் மூணு மணிக்கு மேல துணியில ஓட்டை இருந்தாலும் கண்ணுல படாது, ரெண்டு தடவ பீஸ் திரும்பி வந்து திட்டு வாங்கிட்டேன். முடி சீப்புல கொத்துக் கொத்தா வருது. வீட்ல அத்தை "நாங்க எல்லாம் வயக்காட்டு வேலையும் பாத்துட்டு ஆறு புள்ள பெத்தோம்"னு ஆரம்பிச்சுருவாங்க. வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு, ஆனா அந்தப் பார்வை இருக்கே.

மூணு டாக்டரப் பாத்தாச்சு. முதல் ஆளு சத்து மாத்திரையும் டானிக்கும் குடுத்தாரு. ரெண்டாவது இடத்துல குளுக்கோஸ் ஏத்துனாங்க, அன்னிக்கு ஒரு நாள் தெம்பா இருந்துச்சு, மறுநாள் பழைய குருடி கதவத் திறடிதான். மூணாவது டாக்டர் ஃபைலப் புரட்டிட்டு "எல்லாமே நார்மலாத்தானேம்மா இருக்கு, வீட்ல ஏதாச்சும் பிரச்சினையா"ன்னாரு. நல்ல மனுஷன்தான், சிடுசிடுன்னு பேசல. ஆனா வெளிய வந்து பஸ் ஸ்டாண்டுல உக்காந்து அழுதுட்டேங்க, ஏன்னா வீட்ல இருக்கற பிரச்சினையே இந்த அசதிதான்.

ரிப்போர்ட்: ஹீமோகுளோபின் 12.1, தைராய்டுக்குப் பாக்கற டிஎஸ்எச் 4.1, வெறும் வயித்து சுகர் 94, மூணு மாச சுகர் 5.9 (இதை மட்டும் பார்டர்னு சொல்லி பயமுறுத்திட்டாங்க), கிட்னி, லிவர், ஈசிஜி எல்லாம் சரி. இதுவரைக்கும் ஏழாயிரத்துக்கு மேல போச்சு. இனி எந்த டாக்டரப் பாக்கறது, என்னன்னு கேக்கறது? இல்ல நெசமாவே இது மனசு சம்பந்தப்பட்டதா?


மைக்ராஸ்கோப்வாசி:

சகோதரி, நான் லேப்ல 11 வருஷமா குப்பை கொட்டறவன், டாக்டர் இல்ல, அத முதல்லயே சொல்லிடறேன்.

"எல்லாம் நார்மல்"னா எடுத்த டெஸ்ட்டு எல்லாம் நார்மல்னு அர்த்தம், அவ்ளோதான். எடுக்காத டெஸ்ட்டப் பத்தி அந்தப் பேப்பருக்கு ஒண்ணும் தெரியாது. இந்த முழு உடம்பு பேக்கேஜ்னு 60 டெஸ்ட்டு 70 டெஸ்ட்டுன்னு போட்டிருப்பாங்க பாருங்க, அதுல கொலஸ்ட்ரால ஆறேழாப் பிரிச்சு எண்ணிருப்போம், யூரின்ல கலர், வாசனை எல்லாம் தனித்தனி டெஸ்ட்டா கணக்குல வந்துரும் (சிரிக்காதீங்க, நெசம்). நிறைய பேக்கேஜ்ல ஃபெரிட்டின் (உடம்பு சேத்து வெச்சிருக்கற இரும்பக் காட்டற டெஸ்ட்டு) மட்டும் இருக்காது. உங்க லிஸ்ட்லயும் இல்ல.

உங்க ஹீமோகுளோபின் 12.1. உலக சுகாதார நிறுவனக் கணக்குல கர்ப்பமா இல்லாத பெண்களுக்கு 12க்குக் கீழ போனாத்தான் ரத்தசோகை. அதனால கம்ப்யூட்டர் அதை தடிச்ச எழுத்துல போடல, டாக்டர் கண்ணும் தடிச்ச எழுத்தத்தான் தேடும், தாண்டிப் போயிருச்சு. ஹீமோகுளோபின்ங்கறது அடுப்படியில இருக்கற அரிசிப் பானை மாதிரி, ஃபெரிட்டின்தான் குதிர். உடம்பு குதிர வழிச்சு வழிச்சு பானைய நிரப்பிட்டே இருக்கும், பானை குறைய ஆரம்பிக்குதுன்னா குதிர் எப்பவோ காலி. சின்னவன் பிறந்தப்பறம் எடுத்த பழைய ரிப்போர்ட் ஏதாச்சும் பீரோல கிடக்கும், எடுத்துப் பாருங்க. பிரசவம் ஆகி ஒரு வருஷம் கழிச்சு 13.4 இருந்தவங்க இப்ப 12.1னா அது நார்மல் இல்ல, இறங்குமுகம்.

ஃபெரிட்டின் 15க்குக் கீழனா இரும்புச் சத்து காலின்னு சந்தேகமே இல்லாம சொல்லலாம், நிறைய டாக்டருங்க 30க்குக் கீழயே குறைவுன்னுதான் எடுத்துப்பாங்க. ஆனா சில லேப் பேப்பர்ல நார்மல் 10லேர்ந்து ஆரம்பிக்கும், 12 வந்தாலும் "சரியா இருக்கு"ம்பாங்க, அதனால நம்பரப் பாருங்க, பக்கத்துல இருக்கற கோட்டப் பாக்காதீங்க. காய்ச்சல், உடம்புல வீக்கம் இருக்கறப்ப எடுத்தா ஃபெரிட்டின் பொய்யா ஏறிக் காட்டும், அந்த மாதிரி நேரத்துல எடுக்காதீங்க.

கையில இருக்கற ரிப்போர்ட்லயே எம்சிவி (சிவப்பணுவோட சராசரி சைஸ்), ஆர்டிடபிள்யூ (அந்த சைஸ் ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு மாறுது)ன்னு ரெண்டு வரி இருக்கும், அது என்னன்னு போடுங்க. எம்சிவி 80க்குக் கீழ இறங்கி, ஆர்டிடபிள்யூ ஏறியிருந்தா இரும்பு பக்கம் கை காட்டுது. எம்சிவி ரொம்பக் குறைஞ்சும் சிவப்பணு எண்ணிக்கை மட்டும் 5 மில்லியனுக்கு மேல நிமிந்து நின்னா தலசீமியா மைனரான்னு (பரம்பரையா வர்ற ரத்தக் குறை) பாக்கணும், அதுக்கு இரும்பு மாத்திரையா முழுங்கினா பிரயோஜனம் இல்ல.

இன்னும் ரெண்டு. முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை ஏதும் சாப்பிடறீங்களா? சாப்பிட்டா தைராய்டு ரிசல்ட்டயே சில மெஷின்ல குழப்பிரும், ரெண்டு நாள் நிறுத்திட்டுத்தான் ரத்தம் குடுக்கணும். அப்பறம் அந்த 5.9, வெறும் வயித்துல 94 இருக்கறப்ப அதுக்குப் பயப்படாதீங்க, இரும்பு குறைஞ்சவங்களுக்கு மூணு மாச சுகர் கொஞ்சம் கூடக் காட்டும். இரும்பு சரியானதும் மறுபடி பாத்துக்கலாம்.


சித்தன்வழி:

அம்மா, மருந்து மாத்திரை எல்லாம் கெமிக்கல். முருங்கைக்கீரை சூப்பு, கரிசலாங்கண்ணி, பேரீச்சம்பழம் தேன்ல ஊற வெச்சது, 48 நாள் விடாம சாப்பிடுங்க. அசதி பறந்துரும். டெஸ்ட்டே தேவையில்ல.


மைக்ராஸ்கோப்வாசி:

ஐயா, முருங்கைக்கீரைய யாரும் வேண்டாம்னு சொல்லல. ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடி ஓட்டை எங்கன்னு பாக்கணும்ல. அதுக்குத்தான் டெஸ்ட்டு.


குறட்டைச்சக்கரவர்த்தி:

எனக்கு 49 வயசு, கரூர், டெக்ஸ்டைல் மார்க்கெட்டிங், ஊர் ஊரா பைக்ல சுத்தற வேலை. நானும் மூணு வருஷம் இதே பாட்டத்தான் பாடிட்டு இருந்தேன், அசதி அசதின்னு. எனக்கு இருந்தது வேற, ஆனா சொல்றேன், படிக்கற வேற யாருக்காச்சும் ஆகும்.

நான் எட்டு மணி நேரம் தூங்குவேன், எந்திரிச்சா தலை கனக்கும், வாய் வறண்டு கிடக்கும். சிக்னல்ல வண்டிய நிறுத்தினா கண்ணு சொருகும். ஒரு நாள் வெள்ளகோவில் தாண்டி ரோட்ட விட்டு இறங்கி மண்ணுல போய் நின்னுட்டேன், பின்னாடி லாரி ஏதும் வராதது எங்க குலசாமி புண்ணியம். அன்னிக்கு ராத்திரி எங்க வீட்டம்மா நான் தூங்கறத போன்ல எடுத்து காலையில போட்டுக் காட்டுனா. குறட்டை, குறட்டை, குறட்டை, அப்பறம் மௌனம், எண்ணிப் பாத்தேன் 26 செகண்டு மூச்சே இல்ல, அப்பறம் தண்ணியில முங்கி எந்திரிச்சவன் மாதிரி ஒரு இழுப்பு. என்னையவே எனக்கு அடையாளம் தெரியல.

தூக்கத்த அளக்கற டெஸ்ட்டு எடுத்தாங்க. மணிக்கு 5க்குக் கீழ மூச்சுத் தடங்கல் இருந்தா பிரச்சினை இல்ல, 30க்கு மேல போனா கடுமைன்னு கணக்கு, எனக்கு 41. இப்ப மூக்குல மாஸ்க் மாட்டற சிபேப் மெஷின்லதான் தூங்கறேன், நாப்பதாயிரத்துக்கு மேல ஆச்சு, முதல் பத்து நாள் யானைத் தும்பிக்கை கட்டிட்டுப் படுத்த மாதிரி இருந்துச்சு, பேரன் பேத்தி எடுத்தா சிரிக்கும்னு நெனச்சேன். பதினோராவது நாள் காலையில எந்திரிச்சப்பதான் முழிச்சிருக்கறதுன்னா என்னன்னு ஞாபகம் வந்துச்சு. பொம்பளைங்களுக்கும் வரும், குண்டா இருக்கணும்னு அவசியம் இல்ல. உங்க வீட்டுக்காரர்ட்ட கேளுங்க, நீங்க குறட்டை விடறீங்களான்னு. ஆனா நீங்க சொல்றதுல தூக்கக் கலக்கம் இல்ல, படபடப்பும் மூச்சு வாங்கறதும்தான் இருக்கு, அதனால லேப் தம்பி சொன்னத முதல்ல பாருங்க.


ஓய்வுபெற்ற_சிஸ்டர்:

மல்லி, நான் அரசு ஆஸ்பத்திரியில 32 வருஷம் ஸ்டாஃப் நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ. ஒண்ணு சொல்றேன் கேளு, கோச்சுக்காத. டாக்டர்ட்ட போய் "அசதியா இருக்கு"ன்னு ஒத்த வார்த்தையில சொல்லாதம்மா. ஓபியில ஒரு நாளைக்கு நூறு பேரு அந்த வார்த்தையச் சொல்றாங்க, அது காதுல ஏறாது. நம்ம ஊர்லதான் இதுக்கு எத்தனை வார்த்தை இருக்கு, எல்லாத்தையும் ஒரே மூட்டையாக் கட்டி அசதின்னு வெச்சுட்டா அவரு எதப் பிரிச்சு எதப் பாப்பாரு.

தூங்கி வழியறியா? அப்ப மேல கரூர்க்காரர் சொன்னது. படி ஏறினா மூச்சு வாங்கி படபடன்னு அடிக்குதா? ரத்தம், இதயம். உக்காந்த எடத்துல இருந்து கை ஊனாம எந்திரிக்க முடியலையா, மாடி ஏறினா தொடை வலிக்குதா? அது தசை, வைட்டமின் டி, தைராய்டு. கை கால் மரத்துப் போயி சுள்ளுசுள்ளுங்குதா, பி12. எதுலயும் மனசு ஒட்டலையா, புடிச்ச சீரியல் கூட சலிப்பா இருக்கா, அதையும் மறைக்காம சொல்லு. சாயங்காலமா காய்ச்சல் வந்து போகுதா, எடை தன்னால குறையுதா, ராத்திரி வேர்த்து நனையுதா, ரெண்டு வாரத்துக்கு மேல இருமலா? இதுல ஒண்ணு இருந்தாலும் காசநோயான்னு பாக்க நாளைக்கே போயி சளி டெஸ்ட் குடு, அரசு ஆஸ்பத்திரியில காசில்லாமப் பாப்பாங்க. ஒரு பொண்ணு எங்க வார்டுக்கு வந்தா, எந்திரிச்சா தலை சுத்தல், ஊறுகாய்க்கும் உப்புக்கும் ஏக்கம், உள்ளங்கை ரேகை எல்லாம் கறுத்துக் கிடந்துச்சு, வெயில்ல சுத்தறான்னு எல்லாரும் விட்டுட்டாங்க, கடைசியில காலை எட்டு மணி கார்ட்டிசால் பாத்தப்ப அட்ரினல் சுரப்பியே வேலை செய்யலன்னு தெரிஞ்சுச்சு. என் சர்வீஸ்ல அது ஒண்ணே ஒண்ணுதான் பாத்தேன், அதனால அதத் தேடிப் போயிடாத.

அதுக்கு நேர்மாறா தினம் பாத்தது இரும்புக் குறைவு. 2019-21ல எடுத்த தேசிய குடும்பநல ஆய்வுல தமிழ்நாட்டுல 15லேர்ந்து 49 வயசுக்குள்ள இருக்கற பொம்பளைங்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல! ரத்தசோகை ஆகாம குதிர் மட்டும் காலியா இருக்கறவங்க இந்தக் கணக்குல வரவே மாட்டாங்க.

அந்த குளுக்கோஸ் பாட்டில் கதைய எழுதியிருந்தியே, அரை லிட்டர் 5 சதவீத பாட்டில்ல மொத்தமே 25 கிராம் சர்க்கரைதான். அஞ்சாறு ஸ்பூன் சீனி போட்டு ஒரு சொம்பு எலுமிச்சை ஜூஸ் குடிச்ச மாதிரி. அதுக்கு எவ்வளவு வாங்குனாங்கன்னு நான் கேக்க மாட்டேன், எனக்கு பிபி ஏறும்.

இப்ப நீ இதுக்கு பதில் சொல்லு. தூரம் எத்தன நாள், எவ்வளவு போகுது? டீ எத்தன? வேற என்ன மாத்திரை தினம் போடற? கறி மீன் உண்டா? கடைசியா ஒண்ணு, வெக்கப்படாம சொல்லு, அரிசி, சாம்பல், சாக்பீஸ், ஐஸ் இப்படி ஏதாச்சும் திங்கற பழக்கம் உண்டா?


மல்லிப்பூ37:

சிஸ்டர், கடைசிக் கேள்வியப் படிச்சதும் கை நடுங்கிருச்சு. இத நான் எந்த டாக்டர்ட்டயும் சொல்லல, அவங்களும் கேக்கல.

பச்சரிசி திங்கறேனுங்க. ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும். ரேஷன் அரிசிய அளக்கும்போது ஒரு கை வாயில போட்டேன், அப்பறம் பர்ஸ்ல பொட்டலம் கட்டி கம்பெனிக்கு எடுத்துட்டுப் போற அளவுக்கு வந்துருச்சு. சின்ன வயசுல அரிசி தின்னா கல்யாணத்துக்கு மழை வரும்னு எங்கம்மா கையத் தட்டி விடுவாங்க, இப்ப கல்யாணம் ஆகி பதினேழு வருஷம் ஆச்சு இனி என்ன மழைன்னு நானே சிரிச்சுக்குவேன். அது வியாதியோட சேர்ந்ததுன்னு சத்தியமாத் தெரியாது.

தூரம் ஏழு எட்டு நாள் ஆகுது. முன்னாடி நாலு நாள்தான். ரெண்டாம் நாளும் மூணாம் நாளும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ மாத்தணும், கட்டி கட்டியா போகும், கம்பெனியில அந்த ரெண்டு நாள் நரகம். வயசானா இப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். டீ அஞ்சாறு ஆகும், சாப்பிட்ட உடனே ஒரு டீ குடிக்கலைன்னா சாப்பிட்ட மாதிரியே இருக்காது. அசிடிட்டி மாத்திரை ரெண்டு வருஷமா தினம் காலையில ஒண்ணு, மெடிக்கல்ல நானே வாங்கிக்குவேன். கறி ஞாயித்துக்கிழமை மட்டும், இப்ப புரட்டாசி வேற, அதுவும் கிடையாது. குறட்டை இல்லைன்னு அவரு சொல்றாரு, ஆனா ராத்திரி படுத்தா கால ஆட்டிட்டே இருக்கேனாம், ஆட்டலைன்னா உள்ள ஏதோ ஊர்ற மாதிரி இருக்கும்.

எம்சிவி 79, ஆர்டிடபிள்யூ 16.2, சிவப்பணு 4.4. பயோட்டின் சாப்பிடல.

இன்னொண்ணு, ஞாயித்துக்கிழமை வீடு கழுவி துணி எல்லாம் தொவச்சா திங்கள், செவ்வாய் எந்திரிக்கவே முடியாது. அது எதுல சேரும்?


ஓய்வுபெற்ற_சிஸ்டர்:

அரிசி, கால் ஆட்டறது, முடி, படி, ஏழு நாள். எல்லாம் இரும்புக் குறைவு பக்கம்தான் கை காட்டுது, இனி நான் சொல்லணுமா. ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் (ரத்தத்துல இரும்பு எவ்வளவு ஓடுதுன்னு காட்டும்) எழுதி வாங்கு, ஜெனரல் மெடிசின் டாக்டர் போதும், பெரிய ஸ்பெஷலிஸ்ட் வேண்டாம். வயித்து ஸ்கேனும் எடுக்கணும், மகப்பேறு டாக்டரயும் பாக்கணும், ஏன் ரத்தம் கூடப் போகுதுன்னு தெரியணும்ல. இரும்பு உள்ள போறதுக்கு வயித்து அமிலம் வேணும், நீ அத ரெண்டு வருஷமா மாத்திரை போட்டு அடக்கி வெச்சிருக்க, பி12யும் அதனால குறையும். சாப்பாட்டோட குடிக்கற டீ இருக்கற இரும்பையும் புடிச்சு வெச்சுக்கும். வரவு இல்ல, செலவு மட்டும்னா குதிர் என்னத்துக்கு ஆகும். அந்த அசிடிட்டி மாத்திரைய நீயா திடீர்னு நிறுத்தாத, டாக்டர்ட்ட கேட்டு குறை.


பெயர்சொல்லவிரும்பல:

மனசு சம்பந்தப்பட்டதான்னு ஏதோ கெட்ட வார்த்தை மாதிரி கேட்டிருக்கீங்க. எனக்கு மனசுதான். ரெண்டு வருஷம் எல்லா டெஸ்ட்டும் எடுத்து, ஃபெரிட்டின் 90, பி12 500, எல்லாமே நல்லா இருந்துச்சு, கடைசியில டிப்ரெஷன். எனக்கு அழுகை எல்லாம் வரல, சோகம்னு ஒண்ணு தெரியல, உடம்பு ஈயம் மாதிரி கனத்துச்சு அவ்ளோதான். கிரிக்கெட் மேட்ச் கூட பாக்கப் புடிக்காம போனப்பதான் ஃப்ரெண்டு ஒருத்தன் இழுத்துட்டுப் போனான். மாத்திரையும் பேச்சும் சேத்து எட்டு மாசம் ஆச்சு. மனசுன்னு ஒரு டாக்டர் சொன்னா அது அவமானம் இல்ல, ஆனா ஒரு டெஸ்ட்டும் பாக்காம, நாலு கேள்வியும் கேக்காம மனசுன்னு சொன்னா அது வேலைய முடிச்சுக்கறது. உங்களுக்கு செய்யணும்னு ஆசை இருக்கு, உடம்பு வரல. எனக்கு ஆசையே இல்லாம இருந்துச்சு. அந்த வித்தியாசத்த டாக்டர்ட்ட சொல்லுங்க.


தேம்ஸ்கரை:

தங்கச்சி, நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டனில இருக்கிறன். உங்கட கடைசி வரியைப் பார்த்துத்தான் எழுதுறன்.

எனக்கு 2021 மார்கழியில கோவிட் வந்தது, பெரிசா ஒண்டும் இல்லை, வீட்டிலேயே மாறிட்டுது. அதுக்குப் பிறகு ஒரு நாள் கடைக்குப் போய் வந்தால் அண்டைக்கு ஒண்டும் செய்யாது, அடுத்த நாள் இல்லாட்டி அதுக்கடுத்த நாள் அப்பிடியே விழுந்துபோவன். வெளிச்சம் பார்க்க ஏலாது, பிள்ளையள் கதைக்கிறது மூளைக்குள்ள போகாது, குளிச்சிட்டு வந்து கட்டிலில அரை மணித்தியாலம் கிடப்பன். எல்லா ரத்தச் சோதனையும் செய்திச்சினம், ஒண்டும் இல்லை. 2023லதான் எம்இ சிஎஃப்எஸ், அதாவது நாள்பட்ட களைப்பு நோய் எண்டு சொல்லிச்சினம். அதுக்கெண்டு ஒரு ரத்தச் சோதனை இண்டைக்கும் கிடையாது, மற்றதெல்லாம் இல்லையெண்டு பார்த்து, பிறகு இந்த மாதிரிக் குணங்கள் இருக்கோ எண்டு பார்த்துத்தான் சொல்லுவினம். முக்கியமான குணம் இதுதான்: செய்த வேலைக்குப் பொருத்தமே இல்லாத அளவுக்குப் பிறகு விழுத்திறது, படுத்தாலும் நித்திரை கொண்டாலும் தேறாதது. இங்க முந்தி கொஞ்சம் கொஞ்சமா உடற்பயிற்சியைக் கூட்டச் சொல்லுவினம், சிலபேர் அதில இன்னும் மோசமாய்ப் போச்சினம், 2021ல நைஸ் எண்ட இங்கத்தைய மருத்துவ வழிகாட்டி அமைப்பு வெளியிட்ட வழிகாட்டியில அதை எடுத்துப்போட்டினம். இப்ப சொல்லுறது உடம்பில இருக்கிற சக்திக்குள்ள நிண்டு கொள்ளச் சொல்லி.

ஆனா என்ர கதையை உடன தூக்கி உங்கட தலையில போடாதேங்கோ. இரும்பு இல்லாத உடம்பும் ஞாயிறு வேலை செய்தால் திங்கள் படுக்கத்தான் செய்யும். இரும்பு முழுக்க நிறைஞ்ச பிறகும் அந்த விழுகை நிண்டுதெண்டால் அப்ப யோசிப்பம். அதுவரைக்கும் ஒரு கொப்பியில எழுதி வையுங்கோ, எண்டைக்கு என்ன வேலை செய்தனீங்கள், எண்டைக்கு விழுந்தனீங்கள் எண்டு, ரெண்டே வரி. நான் அதை எழுதாமல் ஒரு வருஷத்தை வீணாக்கினன்.


மல்லிப்பூ37 (மூணு வாரம் கழிச்சு):

ரிசல்ட்டு வந்துருச்சுங்க. ஃபெரிட்டின் 7. ஹீமோகுளோபின் இப்ப 11.6க்கு வந்துருச்சு. பி12 168, வைட்டமின் டி 14. ஸ்கேன்ல கர்ப்பப்பையில நாலு சென்டிமீட்டர் கட்டி ஒண்ணு, நார்க்கட்டிதான், பயப்பட வேண்டாம்னு அந்த டாக்டரம்மா சொன்னாங்க, ரத்தம் அதிகமாப் போற நாள்ல மட்டும் போட மாத்திரை குடுத்திருக்காங்க, ஆறு மாசம் பாத்துட்டு முடிவு பண்ணலாம்னாங்க.

ஜெனரல் டாக்டரு புது ஆளு. சிஸ்டர் சொன்ன மாதிரி ஒரு பேப்பர்ல எழுதிட்டுப் போனேன், "இருபத்தி ரெண்டு படி, ஏறினா நெஞ்சு அடிக்குது, ரெண்டு நிமிஷம் நிக்கணும், ஒரு வருஷமா பச்சரிசி திங்கறேன், ராத்திரி கால் ஆடுது"ன்னு. பேப்பர வாங்கிப் படிச்சவரு பேனாவ வெச்சுட்டு நிமிந்து என்னையப் பாத்தாரு. அரிசின்னு எழுதின எடத்துல சுழிச்சாரு. அஞ்சு நிமிஷம் பேசினாரு, இதுக்கு முன்னாடி யாரும் அவ்வளவு நேரம் பேசல.

இரும்பு மாத்திரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடச் சொல்லிருக்காரு. தினம் போட்டா சீக்கிரம் ஏறாதா? மெடிக்கல்ல இருக்கறவரு தினம் போடுங்கங்கறாரு. பி12 ஊசி போட்டாங்க.


மைக்ராஸ்கோப்வாசி:

7ஆ! குதிர்ல எலி கூட இல்ல போல.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் சரிதான், டாக்டர் பேச்சக் கேளுங்க. இரும்பு மாத்திரை போட்டதும் உடம்பு ஹெப்சிடின்னு ஒண்ண சுரக்கும், அது குடல் வாசல்ல காவக்காரன் மாதிரி, ஒரு நாளைக்கு மேல கதவ சாத்தி வெச்சிரும். அதனால மறுநாள் போடற மாத்திரை கம்மியாத்தான் உள்ள போகும், மீதி வயித்தப் புரட்டிட்டு வெளிய போகும். ஒரு நாள் விட்டா கதவு திறந்திருக்கும், மலச்சிக்கலும் குறையும். மலம் கறுப்பாப் போகும், பயப்படாதீங்க. மாத்திரைக்கு முன்னாடியும் பின்னாடியும் ரெண்டு மணி நேரம் டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை வேண்டாம், கொய்யாவோ எலுமிச்சை ஜூஸோ கூட எடுத்தா நல்லது. முக்கியமானது, ஹீமோகுளோபின் 13 ஆனதும் சரியாப் போச்சுன்னு நிறுத்திடாதீங்க, எங்க லேப்ல பாதி பேரு அங்கதான் நிறுத்தி அடுத்த வருஷம் அதே பேப்பரோட வருவாங்க. பானை நிறைஞ்சப்பறம்தான் குதிர் நிறைய ஆரம்பிக்கும், அதுக்கு மேல மூணு மாசமாச்சும் ஆகும்.


மல்லிப்பூ37 (தை மாசம்):

பொங்கல் முடிஞ்சு எழுதலாம்னு இருந்தேன்.

ஃபெரிட்டின் 41, ஹீமோகுளோபின் 13.1, மூணு மாச சுகர் 5.5. அரிசி ஆசை மூணாவது வாரமே போயிருச்சுங்க, எப்பப் போச்சுன்னே தெரியல, ஒரு நாள் பர்ஸ்ல பழைய பொட்டலம் இருந்துச்சு, அதப் பாத்துட்டு இதயா தின்னோம்னு இருந்துச்சு. கால் ஆட்டமும் குறைஞ்சுருச்சு. படி ஏறி நிக்காம நேரா என் டேபிளுக்குப் போறேன், பக்கத்து டேபிள் அக்காதான் முதல்ல கவனிச்சு சொன்னாங்க. முழுசா பழைய ஆளுன்னு சொல்ல மாட்டேன், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல இன்னும் இழுக்குது. டீ மூணாக் குறைச்சிருக்கேன், அது மாத்திரைய விடக் கஷ்டமா இருந்துச்சு.

லண்டன் அக்கா, நோட்டு எழுதினேன். கார்த்திகை மாசம் மூணு தடவ விழுந்தேன், மார்கழியில ஒண்ணு. பொங்கலுக்கு வீடு பூரா கழுவி, சுண்ணாம்பு அடிச்சு, பாத்திரம் எல்லாம் வெளக்கினேன், அதுக்கப்பறம் ரெண்டு நாள் படுத்துட்டேன். ஆனா கொழுந்தனார் சம்சாரமும் கூட வேலை பாத்துச்சு, அதுவும் ரெண்டு நாள் படுத்துருச்சு, அதனால இத எந்தப் பக்கம் எழுதறதுன்னு தெரியல.

அத்தை இப்ப திட்டறதில்ல. "எனக்கும் முட்டி ஓய்ஞ்சு போகுது, அந்த மாத்திரைல ரெண்டு குடு"ன்னு கேக்கறாங்க. 66 வயசு. குடுக்கலாமா?


ஓய்வுபெற்ற_சிஸ்டர்:

குடுக்காத! முதல்ல ரத்தம் எடுத்துப் பாரு. அந்த வயசுல தூரம் நின்னு போன பொம்பளைக்கு இரும்பு குறைஞ்சா, ஆம்பளைக்குக் குறைஞ்சாலும் சரி, வயித்துலயோ குடல்லயோ எங்கயாச்சும் ரத்தம் கசியுதான்னு பாக்கணும், புண்ணா இருக்கலாம், வேற பெருசாவும் இருக்கலாம். மூட்டு வலிக்கு மெடிக்கல்ல வாங்கி முழுங்கற மாத்திரையே வயித்தப் புண்ணாக்கி கசிய விடும். சும்மா மாத்திரை குடுத்து நம்பர ஏத்திட்டா உள்ள இருக்கறது மறைஞ்சு போயிரும். எண்டோஸ்கோப்பி வேணும்னு டாக்டர் சொன்னா தயங்காத.


தேம்ஸ்கரை:

கார்த்திகை மூண்டு, மார்கழி ஒண்டு. நல்லாத்தான் இறங்குது தங்கச்சி. பங்குனி வரைக்கும் எழுதுங்கோ. பொங்கலை விழுகையெண்டு எழுதாதேங்கோ, அது பொங்கல்.


மல்லிப்பூ37:

சரிங்க்கா. அத்தைக்கு திங்கக்கிழமை ரத்தம் எடுக்கக் கூட்டிட்டுப் போறேன்.

பெரியவளுக்கும் சேத்து எடுக்கப் போறேன். ரெண்டு நாளைக்கு முன்னாடி அடுப்படியில அரிசி டப்பா மூடி திறந்து கிடந்துச்சு, யாருன்னு கேட்டா பேசாம நிக்கறா.